தெரியாததைத் தாண்டிப் போகும் பெட்டி

இரக்கத்தால் எடுத்த ஒரு முடிவு பிழையாகப் போனால், பிழையை மட்டும் திருத்தினால் போதுமா, இரக்கத்தையும் சேர்த்துத் திருத்த வேண்டுமா? சிவப்பிரகாஷின் வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. மிகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவன் மனைவி செல்வப்பிரியா. அவளுக்கு விடை தெரியாது. விடை தெரிந்ததுபோலப் பேசுகிறவர்களிடம் அவளுக்குப் பொறுமையும் கிடையாது.

அவர்கள் ஊர் மீனாட்சிபுரத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. மாவட்டம் பாலக்காடு என்றாலும் துணிக்கடைக்கும் பல் பிடுங்கவும் சம்பந்தம் பேசவும் பொள்ளாச்சிதான் பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களை இங்கே யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'அக்கட்ட' என்பார்கள், அவ்வளவுதான். பாதி வீட்டுப் பெண்கள் அக்கட்டயிருந்து வந்தவர்கள்; மீதி வீட்டுப் பெண்கள் அக்கட்ட போனவர்கள்.

சிவப்பிரகாஷ் காலையில் பொள்ளாச்சி பஸ் ஏறி, அங்கே மாறி, கோவையில் ஒரு சிறிய கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தான். செல்வப்பிரியா கணக்கில் பட்டம் வாங்கியவள். வேலைக்குப் போகவில்லை, வீட்டோடு இருந்து ஐந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டாள். ஒரு வகையில் இருவருக்கும் ஒரே தொழில்தான். அவள் கறந்த பால் ஊர் சொசைட்டியில் போய்ச் சேரும் குளிர்தொட்டியை ஒரு பெட்டி இயக்கியது. அந்தப் பெட்டிக்குள் இருந்த மூளையைச் செய்தவன் அவன்.

மூளை என்று அவன் சொன்னதில்லை. 'இயந்திரம்' என்பான். அதுவும் கண்ணால் பார்க்கக்கூடிய இயந்திரம் அல்ல. அவன் கம்பெனிக்கு ஒரு தொல்லை இருந்தது. பெட்டிக்குள் வைக்கும் சிப் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருந்தது. சந்தையில் எது கிடைத்ததோ அதை வாங்கினார்கள். சிப் மாறினால் அதற்கென்று எழுதிய மென்பொருளை மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். சிவப்பிரகாஷ் ஒரு வழி சொன்னான். இருக்கிற சிப்புக்காக எழுத வேண்டாம், இல்லாத ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்து அதற்காக எழுதுவோம் என்றான். மென்பொருளாலேயே ஆன அந்த இயந்திரத்தை எந்தச் சிப்பின் மேலும் உட்கார வைக்கலாம். பால் எப்போது குளிர வேண்டும், அதைக் கலக்கும் துடுப்பு எப்போது சுற்ற வேண்டும் என்கிற நிரலை ஒரு சின்னக் கார்டில் எழுதிச் செருகினால் இயந்திரம் அதைப் படித்து நடக்கும். கீழே சிப் மாறினாலும் மேலே கார்டு மாறாது.

இல்லாத இயந்திரம் என்றாலும் அதற்கு ஒரு மொழி வேண்டும். என்னென்ன கட்டளைகள் அதற்குப் புரியும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்த மாதங்களில் சிவப்பிரகாஷ் சோற்றுத் தட்டின் முன்னால்கூட அதே நினைவாக இருந்தான். வெப்பத்தைப் படி. இதைவிட அதிகமா பார். கம்ப்ரசரைப் போடு. துடுப்பைச் சுற்று. இவ்வளவு நேரம் காத்திரு. கட்டளைகள் அதிகமானால் இயந்திரம் பருத்துவிடும். குறைந்தால் அதில் எழுதும் நிரல் நீண்டுவிடும். பெருக்கலுக்கு ஒரு கட்டளை வேண்டாம், கூட்டலையே திரும்பத் திரும்பச் செய்தால் போதும் என்று ஒருநாள் அதை எடுத்துவிட்டான். கொஞ்ச நாள் கழித்து, தோற்றவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பச் சேர்த்தான். கடைசியில் நாற்பது சொச்சம் கட்டளைகள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கொடுக்கக்கூடிய எண்களோ மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு இருந்தன.

செல்வப்பிரியா கேன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மிச்ச எண்ணெல்லாம் என்னங்க பண்ணும்?"

"எந்த மிச்சம்?"

"நாப்பதுக்கு அர்த்தம் வெச்சுட்டீங்க. மிச்சத்துல ஒன்னு வந்துட்டா?"

"தாண்டிப் போயிரும்."

"ஒன்னுஞ் சொல்லாமயா?"

"யாருகிட்டச் சொல்றது? மோகனசுந்தரண்ணங்கிட்டயா? அவரு போன்ல வர்ற மெசேஜையே படிக்க மாட்டாரு."

அவள் சிரித்தாள். மோகனசுந்தரம் சொசைட்டியின் செக்ரட்டரி. மெசேஜ் விஷயம் உண்மைதான்.

ஆனால் சிவப்பிரகாஷ் விளையாட்டாக அந்த முடிவுக்கு வரவில்லை. கம்பெனியின் பழைய பெட்டி ஒன்று இருந்தது. அது ஏதாவது புரியாவிட்டால் நின்றுவிடும். ஒருமுறை கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு சொசைட்டியில் சாயங்காலம் நின்றுவிட்டது. கம்பெனி ஆள் மறுநாள்தான் போய்ச் சேர முடிந்தது. அந்த ஆள் அவன்தான். அதற்குள் தொட்டிப் பால் முழுதும் திரிந்து போயிருந்தது. ஊரே கூடி நின்று அதை வாய்க்காலில் திறந்துவிட்டதை அவன் பார்த்தான். யாராவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம். யாரும் திட்டவில்லை. ஒரு பெண் காலிக் கேனோடு நின்றுகொண்டு, "இன்னிக்குக் கறந்தத ஊத்தலாமா, ஊத்தப்படாதா?" என்று மட்டும் கேட்டாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன அன்று அவன் சாப்பிடவில்லை. "என்ற பெட்டி நிக்காது, பிரியா" என்றான். "என்ன ஆனாலும் நிக்காது."

அதற்காக அவன் ஒரு நுட்பமும் செய்தான். சில கட்டளைகளுக்குப் பின்னால் ஓர் அளவும் சேர்ந்து வரும். காத்திரு என்றால் எவ்வளவு நேரம் என்று வர வேண்டுமே. புரியாத கட்டளையைத் தாண்ட வேண்டுமானால் அதற்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் காலை வைத்துத் தடுமாறும். அவன் எண்களை வகை பிரித்தான். எண்ணைப் பார்த்த உடனே, அதன் பொருள் தெரியாவிட்டாலும், அதன் நீளம் தெரிந்துவிடும். இனி எந்தக் காலத்தில் எந்தப் புதுக் கட்டளை வந்தாலும் பழைய பெட்டி அதைத் தடுக்கி விழாமல் தாண்டிவிடும். கம்பெனியில் அதை எல்லோரும் மெச்சினார்கள். சாமர்த்தியமான வேலைதான். ஆனால் எது தெரியாதோ அதையே இவ்வளவு லாவகமாகக் கடந்து போகிற ஒன்று, தனக்குத் தெரியாது என்பதைக்கூட அறியாமல் இருக்கும். அதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

செல்வப்பிரியா மட்டும் யோசித்தாள் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மையாக இருக்காது. அவளுக்கு அப்போது தோட்டத்தில் வேலை செய்த ஒரு ஆளின் நினைவு வந்தது. எது சொன்னாலும் தலையாட்டுவான். விளங்கியதைச் செய்வான், விளங்காததை விட்டுவிடுவான், திரும்பிக் கேட்க மாட்டான். வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவனை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. இதைச் சொல்லலாம் என்று வாய் எடுத்தாள். கணவனின் முகத்தில் அந்த வாய்க்கால் இன்னும் இருந்தது. அடுப்பில் குழம்பு வேறு கொதித்தது. எழுந்து போய்விட்டாள்.

பெட்டி நன்றாகவே ஓடியது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் பல ஊர்களுக்குப் போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை. சொந்த ஊர் சொசைட்டியிலும் ஒன்று வைத்தார்கள்.

அங்கே தொட்டியைக் கழுவுகிறவள் கமலாத்தாள். சிவப்பிரகாஷ் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், தூரத்து உறவு, அவன் 'அக்கா' என்பான். புருஷன் போன பிறகு இரண்டு கறவை மாடுகளும் சொசைட்டி வேலையுமாக மகளைக் கட்டிக்கொடுத்தவள். டேங்கர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வந்து பாலை ஏற்றிக்கொண்டு போகும். அது போனதும் அவள் கூலிங் சுவிட்சை அணைத்து, மூடியைத் தூக்கி நிறுத்தி, தோள்வரை கையை உள்ளே விட்டுத் தேய்ப்பாள். சுவிட்சை அணைத்தால், கார்டில் எழுதியிருந்தபடி, கம்ப்ரசர் நிற்கும், துடுப்பும் நிற்கும். பெட்டி வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

பிறகு கம்பெனி புது மாடல் ஒன்று கொண்டுவந்தது. அதில் மூடியோடு ஒரு சின்ன உணர்கருவி சேர்ந்து வந்தது. பால் மேலே ஒரு சூடும் கீழே ஒரு சூடுமாக இருக்கக் கூடாது என்பதற்காக, கம்ப்ரசர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் துடுப்பு அவ்வப்போது தானாகச் சுற்றும். சுவிட்ச் இனிக் கம்ப்ரசருக்கு மட்டும்தான். துடுப்பை நிறுத்துவது மூடி. அதற்காக சிவப்பிரகாஷ் தன் கட்டளைகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தான். மூடியைப் பார், திறந்திருந்தால் துடுப்பைச் சுற்றாதே. அர்த்தமில்லாமல் கிடந்த எண்களில் ஒன்று அன்றைக்கு அர்த்தம் பெற்றது. புதுப் பெட்டிக்கு அது புரியும். பழைய பெட்டிக்குப் புரியாது. புதுக் கார்டைப் பழைய பெட்டியில் போடக் கூடாது என்று எல்லா சொசைட்டிக்கும் எழுதி அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்திருக்கும்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பால் ஊற்றும் நேரத்தில் பெரிய இடி இறங்கியது. சொசைட்டிப் பெட்டியின் கார்டு செத்துவிட்டது. சிவப்பிரகாஷ் அப்போது கோவையில் இருந்தான். செக்ரட்டரி மோகனசுந்தரம் யாரையும் கேட்கவில்லை. அவருடைய மச்சான் அக்கட்ட ஒரு சொசைட்டியில் செக்ரட்டரி. அங்கே அதே கம்பெனியின் பெட்டி, புது மாடல். உபரியாக ஒரு கார்டும் இருந்தது. வீட்டில் மோர் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கிவந்து பாலில் விடுவதில்லையா? இரண்டு ஊருக்கும் நடுவே சர்க்கரையும் சைக்கிள் பம்பும் சினை ஊசி போடுகிற ஆளும் அப்படித்தான் போய்வந்தன. மோகனசுந்தரம் மழையோடு பைக்கில் போய்க் கார்டை வாங்கிவந்து செருகினார். பெட்டி அதைப் படித்தது. திரையில் 'சரி' என்று காட்டியது. அன்றைய பால் பிழைத்தது.

"கம்பெனிக்காரன் வர்ற வரைக்கும் காத்திருந்தா ஆகுமா? நானே சரி பண்ணிட்டேன்" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. தந்திரத்தைச் சொல்லிவிட்டால் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்திருக்கலாம்.

மறுநாள் காலை டேங்கர் வந்து போனது. செல்வப்பிரியா கேனை இறக்கிக்கொண்டிருந்தாள். கமலாத்தாளின் குரல் கேட்டது. அது முதலில் யாரையோ கூப்பிடுவதுபோலத்தான் இருந்தது.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மணிக்கட்டு மடங்காமல் போயிற்று.

"சுவிட்ச அணைக்காமக் கைய உடுவாங்களா?" மோகனசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தன வருசம் பண்ணுன வேல. புத்தி எங்க போச்சு?"

"அணைச்சனுங்க" என்றாள் கமலாத்தாள். ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அதையே சொன்னாள்.

"அணைச்சிருந்தா அதெப்படி சுத்தும்? நீயே சொல்லு."

துடுப்பு சுற்றியிருக்கிறது, அப்படியானால் சுவிட்ச் போட்டுத்தான் இருந்திருக்கிறது. ஓடிவந்த அமளியில் யாரோ மெயினையே இறக்கிவிட்டதால் சுவிட்ச் எப்படி இருந்தது என்று பார்த்தவரும் இல்லை. ஒரு பகலுக்குள் அது ஊர் அறிந்த செய்தியாகிவிட்டது. கமலாத்தாள் கவனக்குறைவாக இருந்துவிட்டாள், பாவம்.

அன்று சாயங்காலம் சிவப்பிரகாஷ் சொசைட்டிக்குப் போய்க் கார்டைக் கழற்றிக்கொண்டு, கைவசம் இருந்த பழைய நிரல் கார்டைச் செருகிவிட்டு வந்தான். கழற்றியதை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான்.

"இது நம்ம சொசைட்டிக் கார்டு இல்ல, பிரியா. அக்கட்டக் கார்டு, அவங்க சொசைட்டி பேரு இருக்குது. மோகனசுந்தரண்ணன் மச்சாங்கிட்ட இருந்து வாங்கியாந்திருக்காரு."

"அதுல என்ன?"

"மூடி தொறந்திருந்தா சுத்தாதன்னு எழுதியிருக்குது. நாந்தான் எழுதுனேன். நம்ம பெட்டி அதப் படிச்சிருக்குது. தெரியல. தாண்டிப் போயிருச்சு. அதுக்கடுத்து, துடுப்பச் சுத்துன்னு இருக்குது. அது தெரியும். சுத்திருச்சு."

"அப்ப அக்கா சுவிட்ச அணைச்சிருக்காங்க."

"அணைச்சிருந்தாலும் சுத்தும். அணைச்சுத்தான் இருப்பாங்க."

"போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன். மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு."

முதலாளி பொறு என்றார். வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார். வக்கீல் சொசைட்டியிலிருந்து எழுத்தில் ஏதாவது வரட்டும் என்றார். சொசைட்டியில், உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பொதுயோகத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பொதுயோகம் தை மாதம். சிவப்பிரகாஷ் பொறுத்தான். தினமும் பொள்ளாச்சி பஸ் ஏறினான், இறங்கினான். கமலாத்தாள் வீட்டு வாசலைத் தாண்டும்போது நடை கொஞ்சம் வேகமாகும். அவன் கெட்டவன் அல்ல. பொறுத்திரு என்று சொல்லப்பட்டபோது பொறுத்திருப்பது எளிதாக இருந்தது, அவ்வளவுதான். நம்மில் பெரும்பாலோர் செய்யும் தீமை இந்த அளவுக்குத்தான் இருக்கும். யாருக்காவது ஒரு கை போன பிறகும் அதன் அளவு மாறுவதில்லை.

மார்கழியில் ஒருநாள் கமலாத்தாள் செல்வப்பிரியாவைத் தேடி வந்தாள். கட்டுப் பிரித்திருந்தார்கள். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு கட்டுத்தறி ஓரம் உட்கார்ந்தாள். மாடுகளைப் பார்த்தாள்.

"செவலைய வித்துட்டேன், கண்ணு. ஒத்தக் கையில ரெண்டு மாட்டுக்கு முடியாது. இன்னொன்ன எதுத்த வீட்டு ஆனந்தி வந்து பீச்சித் தர்றா. பாவம், எத்தன நாளைக்கு வருவா."

"டாக்டர் என்ன சொன்னாருங்கக்கா?"

"என்னத்தச் சொல்றாரு. அது கெடக்குது உடு." முந்தானையை இழுத்துக் கையை இன்னும் மூடிக்கொண்டாள். "நீ அன்னிக்கு அங்கதான இருந்த. நான் சுவிட்ச அணைச்சத நீ பாத்தியா?"

"நான் வண்டிகிட்ட இருந்தனுங்கக்கா. பாக்கல."

"அணைச்சேன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, இப்ப எனக்கே தெரியல. கண்ண மூடுனா, ஒருவாட்டி அணைச்ச மாதிரி இருக்குது, ஒருவாட்டி அணைக்காத மாதிரி இருக்குது. வெரலு போனது போவட்டும். எனக்குப் புத்தி தடுமாறிப் போச்சோன்னுதான் வெசனமா இருக்குது. நேத்து அடுப்ப அணைச்சனா இல்லையான்னு மூணு வாட்டி எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன்."

சிவப்பிரகாஷ் உள்ளே இருந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல் திறந்திருந்தது. அவன் வெளியே வருவான் என்று செல்வப்பிரியா எதிர்பார்த்தாள். நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்டது. அவன் வரவில்லை.

அவளே சொல்லியிருக்கலாம். "நீங்க அணைச்சிருப்பீங்கக்கா" என்றுதான் சொன்னாள். எல்லோரும் ஆறுதலுக்குச் சொல்வதுபோல அது ஒலித்தது. கமலாத்தாளும் அப்படியே எடுத்துக்கொண்டு, "ம்" என்று எழுந்து போனாள். விரலைவிடப் பெரிதாக ஒன்று அவளிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய இரண்டு பேர் அந்த வீட்டில் இருந்தார்கள்.

அன்று மாலை அவள் கணவனிடம் சத்தம் போடவில்லை. "கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"இனி மொதலாளி சொல்லணுமா?"

அவன் மறுநாள் முதலாளியிடம் போய், பொதுயோகத்தில் பேசப்போகிறேன் என்றான். ஆச்சரியம், முதலாளி மறுக்கவில்லை. வக்கீல் யோசித்துச் சொல்லிவைத்திருந்ததை முதலாளி அவனிடம் சொன்னார். "பேசு, தாராளமாப் பேசு. கார்டு வெளியூர்க் கார்டு, போடக் கூடாதுன்னு நாம எழுதி அனுப்பியிருக்கோம், செக்ரட்டரி மீறிப் போட்டாரு. அத மொதல்ல சொல்லு. கம்பெனி தப்பிச்சுது, அந்தம்மாவும் தப்பிச்சுது. அதச் சொல்லாம உன்ற பெட்டி மேல மட்டும் தப்ப வாங்கீட்டு வந்தீன்னா, நான் உன்ன வெச்சுக்க முடியாது, தம்பி."

இதை அவன் வீட்டில் அப்படியே சொன்னான்.

"சரியாத்தான சொல்றாரு" என்றாள் செல்வப்பிரியா. "ரெண்டையும் சொல்லுங்க. உங்க தப்பு பாதி, அவரு தப்பு பாதி. அக்காவப் புத்தி கெட்டவன்னு ஊரெல்லாம் சொன்னவரு அவருதான. அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

அவன் தலையை ஆட்டினான். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

பொதுயோகத்துக்கு சொசைட்டி முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கணக்கு வாசித்தார்கள். தீவனம் தரமில்லை என்று சண்டை நடந்தது. பிறகு சிவப்பிரகாஷ் எழுந்து, எல்லோரும் தொட்டியிருக்கும் அறைக்கு வர வேண்டும் என்றான். மேடையில் இருந்த மோகனசுந்தரம் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

தொட்டி அன்று காலியாக இருந்தது. சிவப்பிரகாஷ் பெட்டியைத் திறந்து ஏதோ மாற்றினான். அது அந்த அக்கட்டக் கார்டு என்பது செல்வப்பிரியாவுக்கு மட்டும் தெரிந்தது. மோகனசுந்தரத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்; கதவோரம் நின்றவர் போனைப் பையில் போட்டுவிட்டார்.

"அக்கா, நீங்களே சுவிட்ச அணைங்க."

கமலாத்தாள் இடது கையால் அணைத்தாள். சத்தம் நின்றது.

"மூடியத் தூக்குங்க. எட்ட நில்லுங்க. கிட்டப் போகாதீங்க."

ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். "என்னப்பா, பாம்பு படம் எடுக்குமா?" என்று குப்பண்ணன் கேட்டார். எண்பதைத் தொடப் போகிறவர். எந்த யோகத்திலும் அவர் ஒரு பேச்சாவது பேசாமல் போனதில்லை. சிலர் சிரித்தார்கள்.

அப்போது துடுப்பு சுற்றியது. காலித் தொட்டியில் அது எழுப்பிய சத்தத்தில் முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். சுவிட்ச் அணைந்தே இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், துடுப்பைப் பார்த்தார்கள், மறுபடியும் சுவிட்சைப் பார்த்தார்கள்.

கமலாத்தாள் அழுவாள் என்று செல்வப்பிரியா நினைத்தாள். அவள் அழவில்லை. சுவரோரம் நின்றிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து, "அணைச்சேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, இந்த முறை தனக்காக, "நான் அணைச்சேன்" என்றாள்.

சிவப்பிரகாஷ் பேசினான். புரியாத கட்டளை வந்தால் பெட்டி தாண்டிப் போகும், அப்படி விதி வைத்தது நான்தான், அது தப்பு, இனி எல்லாப் பெட்டியும் புரியாவிட்டால் நின்றுவிடும் என்றான். அக்கா பேரில் ஒரு தவறும் இல்லை என்றான். மூன்று மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னான்.

"அப்ப புத்தி இல்லாதது பெட்டிக்குங்கறயா, உனக்குங்கறயா?" என்றார் குப்பண்ணன்.

"எனக்குத்தானுங்க."

"அது கெடக்குட்டும். எனக்கொரு சந்தேகம், தம்பி. இந்தப் பெட்டி இங்க வந்து எத்தன வருசமாச்சு. இத்தன வருசமா சுவிட்ச அணைச்சா நின்னுச்சு. கமலாவும் கைய உட்டுட்டேதான் இருந்தா, ஒன்னும் ஆகல. அன்னிக்கு மட்டும் ஏன் சுத்துச்சு?"

சரியான கேள்வி. அறையில் எல்லோரும் அதற்குக் காத்திருந்தார்கள். கதவோரத்தில் மோகனசுந்தரம் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நின்றார். செல்வப்பிரியா கணவனையே பார்த்தாள். அவன் கை பெட்டியின் மேல் இருந்தது. கார்டு இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. அதை உருவிக் காட்டினாலே போதும், பேசக்கூட வேண்டாம்.

அவன் மோகனசுந்தரத்தைப் பார்க்கவில்லை.

"என்ற பெட்டிங்க. அது எப்ப என்ன பண்ணும்னு நாந்தான் பதில் சொல்லோணும்" என்றான். "வேற காரணம் ஒன்னும் இல்லீங்க."

மாசி கடைசியில் அவனுக்குக் கோவை வேலை போயிற்று. போகும் முன் எல்லாப் பழைய பெட்டிகளுக்கும் விதியை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். இப்போது பொள்ளாச்சியில் மோட்டார் ஸ்டார்ட்டர் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். புதிதாக எதையும் வடிவமைப்பதில்லை. மோகனசுந்தரம்தான் இன்றும் செக்ரட்டரி. செல்வப்பிரியா பால் ஊற்றப் போகும்போதெல்லாம், "தம்பி எப்படி இருக்கறாப்ல?" என்று விசாரிக்கிறார். தனக்கு விஷயம் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று அவளுக்குத் தெரியாது.

மோகனசுந்தரம் அவனுக்கு உறவும் இல்லை, நண்பரும் இல்லை. கமலாத்தாளைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் அவன் காதால் கேட்டவன். அவரைக் காப்பாற்ற வேண்டிய கடன் எதுவும் அவனுக்குக் கிடையாது. எல்லாம் தன்னால் ஆனது என்று நினைப்பதிலும் ஒருவகைக் கர்வம் உண்டு, அதுவாக இருக்கலாம். மழையில் நனைந்தபடி பால் கெடக் கூடாது என்று ஓடிய ஒருவரைக் கூட்டத்தில் நிறுத்த மனம் வராமல் போயிருக்கலாம். சொல்லாமல் விட்டுப் பழகியவனுக்கு அன்றும் அதுவே எளிதாக இருந்திருக்கலாம். செல்வப்பிரியா இவை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டாள். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

பொதுயோகம் முடிந்து வீட்டுக்கு நடந்தபோது அவள் கேட்டாள். "ஏனுங்க, கார்டு சமாச்சாரத்த ஏன் சொல்லல?"

அவன் முன்னால் நடந்தான். வேலை போன அன்று இன்னொரு முறை கேட்டாள். அவன் வாசல் தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்து, துண்டில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.